முதல் ரெக்கார்ட் ப்ளேயர்: 25,000 ரூபாயை எப்படிப் பிரிக்கணும்?

ஜூன், ஜூலை வந்தா எங்க ஆபீஸ்ல ஃபார்ம் 16 குவியும். ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கிற தம்பிகள் ஷிஃப்ட் முடிஞ்சு யூனிஃபார்மோடயே வருவாங்க. ரிட்டர்ன் வேலை முடிஞ்சதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். பைக் எடுக்கலாமா, சீட்டு சேரலாமா, பெர்சனல் லோனை முன்னாடியே அடைக்கலாமா, இப்படித்தான் இருக்கும். இந்த வருஷம் ஒரு தம்பி கேட்டது வேற: "மேடம், ஒரு ரெக்கார்ட் ப்ளேயர் வாங்கணும். இ.எம்.ஐ. போட்டா தப்பா?"

ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன். மாசம் 24,000 சம்பளம். படப்பையில வாடகை வீடு, மாடி போர்ஷன். அப்பா போன பிறகு அம்மாவை செய்யாறிலிருந்து கூட்டிட்டு வந்திருக்கார். வந்த சாமான்ல ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள அப்பா சேர்த்த 43 ரெக்கார்ட். பழைய ப்ளேயர் எப்பவோ காயலான் கடைக்குப் போயாச்சு. அம்மா அதுல சிலதை மறுபடி கேக்கணும்னு சொல்றாங்க. இவர் ஆன்லைன்ல தேடினா 6,000 ரூபாய்க்கும் இருக்கு, 60,000 ரூபாய்க்கும் இருக்கு. தன்னால முடிஞ்சது 25,000 என்றார்.

அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன். இனி வர்ற விலைகள் எல்லாம் கணக்குக்காக ரவுண்டா எடுத்தவை. கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும். உங்க தொகையை நீங்க போட்டுக்கோங்க.

முதல்ல ஒரு நேர்மையான கேள்வி. உங்களுக்குப் பாட்டு வேணுமா, அந்தத் தட்டுகள் வேணுமா? பழைய பாட்டு மட்டும் போதும்னா மொபைல்லயே இருக்கு. இல்லன்னா சரிகம கம்பெனி 2017ல் கொண்டு வந்த காரவான் மாதிரிப் பெட்டி ஒண்ணு வாங்கினா பெரியவங்க தாங்களே பட்டனை அமுக்கிக் கேட்டுப்பாங்க, செலவும் கம்மி. ரெக்கார்ட் ப்ளேயர் வசதிக்கான பொருளே கிடையாது. 20 நிமிஷத்துக்கு ஒருதடவை எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடணும். அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னேன். "அந்தத் தட்டுல அப்பா கையெழுத்து இருக்கு மேடம்" என்றார். சரி, அப்போ வாங்கறதுதான் முறை.

பெட்டியைத் திறந்து பிரிங்க

ப்ளேயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி தட்டுகளை மூணு குவியலா பிரிக்கணும். 12 அங்குலம், நடுவிலுள்ள லேபிள்ல 33⅓ன்னு போட்டிருந்தா அது எல்.பி. 7 அங்குலம், பெரும்பாலும் 45 வேகம், அது இ.பி. இந்த ரெண்டும் வைனல், வளைஞ்சு கொடுக்கும். மூணாவதுதான் கவனம்: 10 அங்குலம், கனமா, தட்டினா ஓடு மாதிரி சத்தம் வரும், பக்கத்துக்கு மூணு நிமிஷம்தான் பாட்டு. அது 78. கீழே போட்டா பீங்கான் தட்டு மாதிரி உடையும். தம்பியோட பெட்டியில 34 வைனல், 9 எழுபத்தெட்டு.

78 தட்டு செஞ்சது அரக்குல. நம்ம ஊர்க் காட்டு மரங்கள்ல பூச்சி விடற அதே அரக்கு. உலகத்துக்கே பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போச்சு. கல்கத்தா பக்கத்துல டம்டம்ல கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை 1928ல் வந்த பிறகு நம்ம ஊர்த் தட்டுகள் அங்கே அச்சாச்சு. சினிமா எடுக்கறதுக்கு முன்னாடி ஏவி.எம். செட்டியார் இறங்கினதும் இந்த இசைத்தட்டு வியாபாரத்துலதான். வெளிநாட்டுல 1948ல் எல்.பி. வந்துட்டாலும் நம்ம வீடுகள்ல 1960கள் வரை 78தான் ராஜா. அதனால தாத்தா, அப்பா பெட்டின்னா 78 கண்டிப்பா சிலது இருக்கும்.

இது ஏன் பணப் பிரச்சனை ஆகுது? 78ல பள்ளம் அகலம். அதுக்கான ஊசி முனை சுமார் 3 மில், அதாவது ஒரு அங்குலத்துல ஆயிரத்தில் மூணு பங்கு. எல்.பி. ஊசி சுமார் 0.7 மில். எல்.பி. ஊசியை 78ல வெச்சா அது பள்ளத்தோட அடியில கிடக்கற தூசியில உரசிட்டே போகும். இரைச்சல்தான் கேக்கும், ஊசியும் தேயும். மலிவு ப்ளேயர் பெட்டியில "மூணு வேகம், 78ம் ஓடும்"னு பெருசா போட்டிருப்பாங்க. வேகம் இருக்கும், ஊசி இருக்காது. ஆக, 9 தட்டுக்காக மொத்த பட்ஜெட்டையும் திருப்ப வேண்டாம்னு முடிவு பண்ணினோம். 34 வைனலுக்கு இப்போ வாங்கறது, 78க்கு அப்புறம்.

6,000 ரூபாய் சூட்கேஸ்

பார்க்க அழகா இருக்கும், ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும், ஆஃபர்ல வரும். இதுல பெரும்பாலும் இருக்கறது செராமிக் கார்ட்ரிட்ஜ். தட்டு மேல 5, 6 கிராம் எடையோட அழுத்தும். ஒழுங்கான ப்ளேயர்ல இது 2லிருந்து 3½ கிராம். ஒருதடவை போட்டா தட்டு போயிடாது, அப்படிப் பயமுறுத்தறவங்க பேச்சை நம்பாதீங்க. ஆனா மறுபடி மறுபடி போடப் போட ஹை நோட்ஸ் தேயும். அதோட ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில இருக்கறதால ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்கே திரும்பி வரும்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சொத்து திரும்ப வாங்க முடியாததோ அதுக்குத்தான் முதல்ல பாதுகாப்பு. 6,000 ரூபாய் மெஷின் போனா இன்னொண்ணு வரும். அப்பா பேர் எழுதின தட்டு வராது. புதுசா நாலு தட்டு வாங்கி ஷோகேஸ்ல வைக்கற ஆளுக்குச் சூட்கேஸ் போதும், இவருக்குப் போதாது.

25,000ஐ எப்படிப் பிரிச்சோம்

நிறைய பேர் பண்றது: மொத்தக் காசையும் ப்ளேயர்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்து ஒயரைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறது. ஊசியிலிருந்து வர்ற மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதை முதல்ல ஃபோனோ ப்ரீஆம்ப்ளிஃபையர் ஏத்தணும். அது வெறும் சத்தத்தைக் கூட்டற வேலையும் இல்லை. தட்டு வெட்டும்போது பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க. 1954லிருந்து இதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ.ன்னு ஒரு பொது அளவு இருக்கு. கேக்கும்போது அதைத் தலைகீழாத் திருப்பணும். அதுக்கு அப்புறம் ஆம்ப்ளிஃபையர், அதுக்கு அப்புறம் ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் 25,000.

நாங்க போட்ட கணக்கு: ப்ளேயருக்கு 16,000. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கற பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி 7,500. பிரஷ், புது உள்ளுறைகள் 1,000. சுவத்துல ஒரு பலகை அடிக்க 500.

16,000 பக்கத்துல ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரி ஒண்ணு தேடலாம். பெல்ட் டிரைவ், பட்டனை அமுக்கினா கை தானே போய்த் தட்டுல உட்காரும், பாட்டு முடிஞ்சா தானே திரும்பி வரும். வயசானவங்க வீட்டுல இது பெரிய விஷயம்; கை நடுங்கினாலும் தட்டுல கீறல் விழாது. ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு. ஊசி மட்டும் கழட்டி மாத்தலாம். ஆனா கார்ட்ரிட்ஜை மாத்த முடியாது, 78 வேகமும் இல்லை. இதே ரகத்துல சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடின்னு ஒண்ணு, அதுல ப்ளூடூத்தும் உண்டு. வீட்டுல ஏற்கனவே நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கரோ, ஆக்ஸ் இருக்கற ஹோம் தியேட்டரோ இருந்தா அந்த 7,500 மிச்சம். முதல்ல வீட்டைச் சுத்திப் பாருங்க.

பின்னாடி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஃபோனோ, லைன். பவர்டு ஸ்பீக்கர்ல நேரா போட்டா லைன். ஸ்விட்ச் ஃபோனோவுல இருந்தா கொசு மாதிரிதான் சத்தம் வரும். பழைய ஆம்ப்ளிஃபையர்ல ஃபோனோன்னு எழுதின ஓட்டையில சொருகினா ஸ்விட்சும் ஃபோனோவுல இருக்கணும். லைன்ல விட்டா ரெண்டுதடவை ஏத்தி சத்தம் கிழியும். இது தெரியாம "பீஸ் டிஃபெக்ட்"னு ரிட்டர்ன் பண்ணிடாதீங்க.

கொரியன் அண்ணன் வித்துட்டுப் போற ப்ளேயர்

நம்ம காரிடார்ல மட்டும் நடக்கற விஷயம் இது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளுக்கு வந்த கொரிய, ஜப்பானிய அதிகாரிகள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை வித்துட்டுப் போவாங்க. அதுல நல்ல ப்ளேயர் கிடைச்சா அதிர்ஷ்டம்தான். ஆனா பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்காம காசு கொடுக்காதீங்க.

ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதை நம்ம 230ல சொருகினா புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், அந்த விலையையும் சேர்த்துக்கோங்க. கொரியாவுது இன்னும் ஏமாத்தும். அங்கே 220 வோல்ட், நம்ம ஊர் சாக்கெட்லயே பின் போயிடும், ப்ளேயரும் ஓடும். ஆனா அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏ.சி. மோட்டார் ப்ளேயரோட வேகம் இந்த ஹெர்ட்ஸை நம்பித்தான் இருக்கு. 33⅓ சுத்த வேண்டியது 28க்கும் கீழே சுத்தும். பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், சுருதி மூணு அரைஸ்வரம் இறங்கும். சுசீலா அம்மா குரலே ஆம்பளைக் குரல் மாதிரி கேக்கும். டி.சி. அடாப்டர்ல ஓடறதா, குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவா இருந்தா ஹெர்ட்ஸால இந்த வேகப் பிரச்சனை வராது. வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. மொபைல்ல ஸ்டாப்வாட்ச் இருக்கு, 33⅓ன்னா ஒரு நிமிஷத்துல எத்தனை சுத்துன்னு எண்ணினாலே தெரிஞ்சுடும்.

செகண்ட் ஹேண்ட் 8,000ன்னு சொன்னா அதோட பெல்ட், புது ஊசி, ப்ரீஆம்ப், ரிச்சி தெருவுக்குப் போய் வர்ற செலவு, மெக்கானிக் கூலி எல்லாம் சேருங்க. 14,000, 15,000ல வந்து நிக்கும். கையில ஸ்க்ரூடிரைவர் பிடிச்சா சந்தோஷப்படற ஆளுக்கு இது நல்ல வழி. வாரண்டி வேணும்கிற ஆளுக்கு வேண்டாம்.

"நோ காஸ்ட்" இ.எம்.ஐ.

இப்போ அவர் கேட்ட கேள்விக்கு வரேன். 18,000 ரூபாய்ப் பொருள், 6 மாசம், மாசம் 3,000, நோ காஸ்ட். பேங்க் வட்டி வாங்கத்தான் செய்யும். 16% வட்டின்னா 6 மாசத்துக்குச் சுமார் 816 ரூபாய். கடைக்காரர் அந்த 816ஐ விலையில தள்ளிக் கொடுக்கறார், அதனால உங்களுக்குத் தெரியலை. ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டு பில்லுல வரும்: 147 ரூபாய். பிராசசிங் ஃபீ 199ன்னா வரியோட 235. ஆக 382 ரூபாய், "காஸ்ட்" இல்லாத இ.எம்.ஐ.க்கு. இது போக முழுப்பணம் கட்டினா கிடைக்கற தள்ளுபடி போச்சு. இந்த "ஜீரோ வட்டி" ஒரு கண்கட்டு, வட்டி வேற பேர்ல உள்ளே ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல பேங்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு.

382 ரூபாய் பெரிய காசு இல்லை, ஒத்துக்கறேன். என் கவலை வேற. தம்பி இன்னும் கான்ட்ராக்ட்லதான் இருக்கார். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி 2006ல் ஓட ஆரம்பிச்சது, 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடியாச்சு. பல ஆயிரம் பேர் வேலை. அன்னைக்கு அங்கே இருந்தவங்க பலர் மேல பைக் இ.எம்.ஐ., வீட்டு இ.எம்.ஐ. ஓடிட்டுத்தான் இருந்திருக்கும். கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைக்கற வரைக்கும் பொழுதுபோக்குக்குக் கடன் வேண்டாம்னு சொல்றது அதனாலதான். இவர்கிட்ட நாலு மாசத்துக்கு இருந்தது.

அதனால ஓ.டி. கணக்குல பேசினோம். 24,000 சம்பளம், 26 நாள், 8 மணி நேரம்: ஒரு மணிக்கு 115 ரூபாய். ஓ.டி. டபுள்னா 230. 25,000 வர்றதுக்கு 108 மணி நேரம் ஓ.டி. ஆம்புலன்ஸ் நம்பர் மாதிரி இருக்கேன்னு சிரிச்சார். சிரிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். இந்தக் கணக்கை நான் எல்லாருக்கும் போடச் சொல்றேன். ரூபாயில பார்த்தா சின்னதாத் தெரியற பொருள், உங்க உடம்பு நிக்கற நேரத்துல பார்த்தா வேற மாதிரி தெரியும். சிலது அப்பவும் வாங்கத் தோணும். அதைத் தாராளமா வாங்கலாம்.

முடிவு இப்படி: பத்து மாசம், மாசம் 2,500க்கு ஒரு ஆர்.டி. நடுவுல தீபாவளி போனஸ் வந்தா முதல்ல அந்த ஆறு மாசச் செலவு நிதி நிறையும், மீதி இருந்தா ப்ளேயர் சீக்கிரம் வரும்.

வாங்கின பிறகு ஓடற செலவு

பைக்குக்கு டயர் மாதிரி ப்ளேயருக்கு ஊசி. சாதாரண ஊசி 300லிருந்து 500 மணி நேரம் வரும். 2,500 ரூபாய் ஊசி, 400 மணி நேரம்னு வெச்சா மணிக்கு 6 ரூபாய் 25 காசு. வாரம் 5 மணி நேரம் கேட்டா வருஷத்துக்கு 260 மணி நேரம், ஒன்றரை வருஷத்துல ஊசி மாத்தணும். தேய்ஞ்ச ஊசியை மிச்சம் பிடிக்கறேன்னு ஓட்டினா அது தட்டை உழும். ஊசியைப் பொருத்தின தேதியை மாஸ்கிங் டேப்ல எழுதி ப்ளேயர் அடியில ஒட்டிடுங்க. மெஷின் சர்வீஸ் கார்டு எழுதற உங்களுக்கு இது பழக்கம்தான்.

மூணு வருஷக் கணக்கு: 25,000 முதல், நடுவுல ஒரு ஊசி 2,500, கடைசியில 8,000க்கு விக்க முடியும்னு வெச்சா நிகரச் செலவு 19,500. கேட்ட நேரம் 780 மணி. மணிக்கு 25 ரூபாய், ரெண்டு டீ காசு. சூட்கேஸுக்கும் இதே மாதிரி போட்டுப் பாருங்க, ஆனா கடைசியில விலை பூஜ்யம்னு வைங்க.

வைக்கற இடம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் வீடுன்னா ராத்திரி கன்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் அதிரும். ஊசிக்கு அது பூகம்பம். ப்ளைவுட் டி.வி. ஸ்டாண்டைவிட சுவத்துல அடிச்ச பலகை மேல. ஸ்பீக்கர் அதே பலகையில வேண்டாம். தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. பரண்ல, ஷீட் போட்ட அறையில வைக்கவே வேண்டாம். சித்திரை வெயில் வைனலை அப்பளம் மாதிரி வளைச்சுடும்.

பூஞ்சை பிடிச்ச வைனலை டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு, லேபிள் நனையாம, பள்ளத்தோட போக்கிலேயே மெதுவாத் துடைக்கலாம். 78ஐ ஸ்பிரிட், சானிடைசர் எதுலயும் தொடக் கூடாது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத்தான் பாலிஷ் போடறார். உங்க தட்டும் அதே மாதிரி கரையும்.

வரி பத்தி ஒண்ணு. வீட்டுப் பெட்டியில இருந்த பழைய தட்டை நல்ல விலைக்கு வித்தா கேப்பிடல் கெயின் வருமான்னு கேட்டார். சொந்த உபயோகத்துக்கான பொருள், நகையோ ஓவியமோ இல்லை, அதனால வராது. ஆனா ஊர் ஊரா வாங்கி ஆன்லைன்ல வித்துக்கிட்டே இருந்தா அது வியாபாரம், வியாபார வருமானமா காட்டணும். புது ப்ளேயர் எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் வாங்குங்க, அது இல்லாம வாரண்டி கேக்கறது கஷ்டம்.

அந்த 9 எழுபத்தெட்டு? அதுக்கு 78 வேகம் இருக்கற, கார்ட்ரிட்ஜ் மாத்த முடியற ப்ளேயர் வேணும், ஏடி-எல்பி120எக்ஸ் மாதிரி. அதுல ஏடி-விஎம்95எஸ்பின்னு 3 மில் ஊசி வெச்ச கார்ட்ரிட்ஜைப் போடலாம். அது இன்னொரு பட்ஜெட். அதுவரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் கெட்டி அட்டை உறை போட்டு, நிமிர்த்தி, கனம் சாயாம வைக்கச் சொல்லியிருக்கேன். சாவி கொடுக்கற பழைய கிராமபோன் யார் வீட்டுலயாவது இருந்தா அதுல போட்டுக் கேக்கலாம், ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி. வைனலை அதுல போடவே கூடாது.

ஊசி மணி நேரம், ஓ.டி. மணி நேரம், இ.எம்.ஐ. மூணும் சேர்ந்த எக்ஸெல் ஷீட் இந்த வார வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டங்கள்ல மட்டும் உங்க தொகையைப் போடுங்க, மத்ததைத் தொடாதீங்க, ஃபார்முலா கலைஞ்சுடும்.